எம்பிஏ மாணவர்களிடம் கம்பெனி கதை சொல்லக் கூப்பிடுகிறார்கள், எதைச் சொல்வது?

கேள்வி, 18 ஜனவரி 2024

கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்பிஏ மாணவர்களுக்கு எங்கள் கம்பெனி வளர்ந்த கதையைச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரம். நாங்கள் பம்ப்செட் உதிரிபாகம் செய்கிறோம், 22 பேர் வேலை செய்கிறார்கள். நான் படித்தது டிப்ளமோ. இந்த மாதிரிப் பேச்சால் பிள்ளைகளுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா, இல்லை போட்டோவுக்குத்தானா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

18 ஜனவரி, இரவு 10.15

போங்கள். கட்டாயம் போங்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். 2013-லிருந்து இதுவரை 11 தடவை இப்படிப் பேசப் போயிருக்கிறேன். முதல் இரண்டு தடவையும் எல்லாவற்றையும் சொன்னேன். ஊரில் கிணறு வற்றியது, 1994-ல் பஸ் ஏறி வந்தது, டெய்லருக்கு உதவியாளாக, அதாவது கைமடியாகச் சேர்ந்தது, ஓவர்லாக் பழகி டெய்லரானது, அடுத்த கம்பெனிக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள் கான்ட்ராக்ட் எடுத்தது, 2003-ல் 6 மெஷினோடு சொந்தமாக ஆரம்பித்தது. கைதட்டினார்கள். பேராசிரியர் "கேள்வி கேட்கலாம்" என்றார். ஒரு நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பையன் எழுந்து "உங்கள் வெற்றிக்கு என்ன காரணம்?" என்று கேட்டான். "உழைப்பு" என்றேன்.

எங்கள் ஊரில் எந்த ஓனரைக் கேட்டாலும் இந்த ஒரு சொல்தான் வரும். பொய் இல்லை. ஆனால் அந்தப் பையன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? திரும்பி வரும்போது காரில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

19 ஜனவரி, காலை 6.50

நேற்று எழுதியதோடு சேர்த்து ஒன்று. கதைக்குள் எடுத்துப் பிரித்துப் பார்க்கிற மாதிரி ஒரு வேலை இருக்க வேண்டும்.

கவின்கேர் ரங்கநாதன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1983-ல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பு ஆரம்பித்தார். அவருடைய அப்பா கடலூர் சின்னிக்கிருஷ்ணன்தான் பாக்கெட் ஷாம்புக்கு வழி காட்டியவர். இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது அந்தக் காலி பாக்கெட் திட்டம். எந்த ஷாம்புவாக இருந்தாலும் காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். கொஞ்ச நாளில் அதை மாற்றி, சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம் என்றார். யோசித்துப் பாருங்கள். முதல் கட்டத்தில் அடுத்தவருடைய வாடிக்கையாளரைத் தன் பாக்கெட்டைப் பிரிக்க வைத்தார். இரண்டாவது கட்டத்தில் அவரைத் தன்னிடமே நிறுத்தினார். கடைக்காரருக்கும் சரக்கு ஓடியது. இதை ஒரு மாணவன் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எத்தனை இலவசம் போனால் நட்டம், எத்தனை பேர் தங்கினால் லாபம் என்று.

உங்கள் பம்ப்செட் தொழிலிலும் அப்படி ஒன்று நிச்சயம் இருக்கும். அதைத் தேடுங்கள்.

19 ஜனவரி, மதியம் 1.30

நடைமுறை விஷயம், மறப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 35 நிமிடம். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, அறிமுக உரை, பொன்னாடை, கடைசியில் நினைவுப் பரிசு, நன்றியுரை. முன்கூட்டியே போன் செய்து, அறிமுகத்தை இரண்டு வரியில் முடிக்கச் சொல்லுங்கள். பொன்னாடையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். பேராசிரியர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நான் கேட்டவரை சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டார்கள்.

20 ஜனவரி, சனி, இரவு 11.40

சம்பளம் போட்டு முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கஷ்டகாலக் கதை சொல்லலாமா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். சொல்லலாம். நான் சொல்வது 2011.

அந்த வருடம் ஜனவரி 28-ம் தேதி, சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. நொய்யலில் சாயக்கழிவு கலந்த வழக்கு. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. நொய்யல் தண்ணீரை நம்பியிருந்த விவசாயிகள் பட்ட பாடு எனக்குத் தெரியும், நானும் தோட்டத்திலிருந்து வந்தவன்தான். தீர்ப்பில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அன்றைக்கு என் கையில் 30,000 பீஸ் ஆர்டர். மூன்று கலர். நிட்டிங், அதாவது பின்னல், முடிந்த துணி சாயத்துக்குப் போகத் தயாராக மூட்டை கட்டி இருக்கிறது. பிப்ரவரி 25-க்குள் தூத்துக்குடியில் கண்டெய்னர் ஏற வேண்டும்.

லூதியானாவுக்கு லாரியில் துணியை அனுப்பினேன். நானும் கிளம்பிப் போனேன். பட்டறை பக்கத்திலேயே 11 நாள் தங்கி, நின்று சாயம் போட்டு வாங்கி வந்தேன். ஒரு கலர் மட்டும் முன்பாகத்துக்கும் கைக்கும் ஷேடு தட்டியது, நிறம் ஒன்றுபோல வரவில்லை. அதைத் தள்ளிவிட்டு மறுபடி போட்டோம். 20 நாள் தாமதம், ஆனாலும் சரக்கு கப்பலில்தான் போனது. பணம் புரட்டிச் சமாளித்தேன்.

இதைச் சொன்னால் அரங்கத்தில் ஒரு சத்தம் இருக்காது. பிள்ளைகள் கன்னத்தில் கைவைத்துக் கேட்பார்கள்.

21 ஜனவரி, ஞாயிறு, காலை 11.00

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

காலையில் வீட்டுக்காரம்மாவிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "ஏனுங்க, 11 நாளா? நீங்க நாலாம் நாளே வந்துட்டீங்க. மிச்ச நாள் பூரா என் தம்பிதான அங்க கிடந்தான்" என்றார். பழைய டைரியை எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி. சனிக்கிழமை சம்பளம் போட நான் திரும்பி வந்துவிட்டேன். மச்சான்தான் அங்கே இருந்தார். குளிரில் காய்ச்சல் வந்து படுத்ததும் அவர்தான்.

அப்புறம் "பணம் புரட்டி" என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். அந்தப் பணம், வீட்டுக்காரம்மாவின் 22 பவுன். மீதிக்கு நூல் வியாபாரி 90 நாள் பொறுத்துக்கொண்டார், வழக்கமாக அவர் கொடுப்பது 30 நாள்.

இத்தனை வருடத்தில் ஏழெட்டுக் கல்லூரியில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல மச்சான் கதையிலிருந்து நழுவிவிட்டார், நகையும் நழுவிவிட்டது. வேண்டுமென்று மறைக்கவில்லை. மேடையில் ஒருவனைத்தான் நிறுத்துகிறார்கள், கதையும் அந்த ஒருவனைச் சுற்றியே சுருங்கிவிடுகிறது. கேட்ட பிள்ளைகளுக்கு ஒரு தொழில் எப்படி ஓடுகிறது என்பதில் தப்பான படம் போயிருக்கிறது. ஒரு மனுஷன் தைரியமாக நின்றால் போதும் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் அங்கே மூன்று பேருடைய பணமும் உடம்பும் இருந்தது.

உங்கள் கதையை வீட்டிலும் பழைய ஆட்களிடமும் ஒரு தடவை சொல்லிக் காட்டிவிட்டுப் போங்கள். எதை விட்டீர்கள் என்று அவர்கள் சொல்வார்கள்.

21 ஜனவரி, மாலை 5.20

மச்சானுக்குப் போன் செய்து பேசினேன். சிரித்தார். "அந்தப் பட்டறை மேஸ்திரி தினமும் எனக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தாருங்க மாமா, அவரையும் கதையில சேர்த்துக்கங்க" என்றார். சேர்த்துவிட்டேன்.

24 ஜனவரி, இரவு 9.30

"தோற்றவர்களைக் கூப்பிட்டுப் பேசவைத்தால்தான் மாணவர்களுக்குப் பாடம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன், ஐந்தாறு வருடத்துக்கு முன் ஒரு பெண் கேட்ட கேள்வியில் அது போய்விட்டது.

2011 கதையைச் சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து எழுந்து கேட்டாள். "சார், உங்களோட அதே தெருவில அந்த வருஷம் மூடினவங்க என்ன தப்பு பண்ணினாங்க?"

எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது பக்கத்துக் கம்பெனிக்காரர். அவருக்கும் அதே மாதிரி ஆர்டர், அதே தாமதம். என்னைவிட நல்ல வேலைக்காரர். ஷேடு பார்ப்பதில் அவர் கண்ணுக்கு ஈடு கிடையாது, சந்தேகம் வந்தால் நானே அவரிடம்தான் துணியைக் கொண்டுபோய்க் காட்டுவேன். வெளிநாட்டுப் பையருக்காக, அதாவது சரக்கு வாங்குபவருக்காக, இங்கே ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் பையிங் ஆபீஸ் பெண்மணி எனக்காக வெளிநாட்டில் பேசி 20 நாள் வாங்கிக் கொடுத்தார். பக்கத்துக் கம்பெனிக்காரருடைய பையர் ஒரு நாள் கூடத் தரவில்லை. விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது என்றுவிட்டார்கள். அன்றைக்கு ஒரு பீஸில் எங்களுக்கு நின்றதே 7 ரூபாய். விமானத்துக்குப் பீஸுக்கு 20 ரூபாய்க்கு மேல் ஆனது. இரண்டே ஷிப்மென்டில் அவர் கம்பெனி முடிந்துபோனது.

அந்தப் பெண்ணிடம் "அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை" என்று சொன்னேன். பேராசிரியர் கொஞ்சம் நெளிந்தார். பிள்ளைகள் அன்றைக்குத்தான் நிறையக் கேள்வி கேட்டார்கள். ஏன் அவருக்கு ஒரே பையர், ஏன் கடற்பயணத்துக்கான நாளை ஒப்பந்தத்தில் கூட்டிக் கேட்கவில்லை, விமானச் செலவைப் பாதிப்பாதி போட முடியாதா. எல்லாம் நல்ல கேள்விகள். நானே அதற்கப்புறம்தான் ஒப்பந்தத் தாளில் தாமதம் பற்றிய வரியை ஆளை வைத்துப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன்.

பிறகு அவரையே கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டுப் பார்த்தேன். வேண்டாம் என்றார். அவருக்கு அது ஆறாத விஷயம். எழுதியவருக்கு என் பதில் இதுதான்: யோசனை சரி, ஆனால் ஒருவருடைய வலியை மேடைக்குக் கூப்பிடும்போது அவர் சம்மதம் முதலில் வேண்டும்.

25 ஜனவரி, காலை 7.10

2005-ஐயும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். "இரண்டு வருடத்தில் 6 மெஷின் 40 ஆனது" என்று நான் பெருமையாகச் சொல்வதுண்டு. 2005 ஜனவரி 1-ம் தேதியோடு ஜவுளிக்கான உலக அளவிலான கோட்டா முறை முடிந்தது. அதுவரை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் எந்த நாடு எவ்வளவு அனுப்பலாம் என்று வரம்பு இருந்தது. வரம்பு போனதும் திருப்பூருக்கு ஆர்டர் வந்து குவிந்தது. ஊரே வளர்ந்தது, ஊரோடு நானும் வளர்ந்தேன். இதைச் சொல்லாமல் 40 மெஷின் கதையை மட்டும் சொன்னால், காற்றடித்த நாளில் காற்றாடி விட்டவன் தன் கைத்திறமையைச் சொல்வது போல் ஆகிவிடும்.

28 ஜனவரி, ஞாயிறு, மாலை 4.00

"கதை என்றால் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தானே சொல்ல முடியும், அதில் என்ன தப்பு?" என்று ஒருவர். தப்பு இருக்கிறது, ஏனென்றால் கேட்பவர்கள் அதைப் பாடமாக எழுதிக்கொள்கிறார்கள்.

மும்பை டப்பாவாலாக்களைப் பாருங்கள். 1890-லிருந்து நடக்கும் வேலை. ரயிலிலும் சைக்கிளிலும் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, காலி டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். டப்பாவின் மூடியில் எண்ணும் எழுத்தும் கலரும்தான் முகவரி. 2003-ல் இளவரசர் சார்லஸ் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு நிர்வாகப் படிப்புக் கல்லூரிகளெல்லாம் அவர்களைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லின. எவ்வளவு அழகான விஷயம். ஆனால் கூடவே ஒரு பேச்சு கிளம்பியது, ஃபோர்ப்ஸ் பத்திரிகை அவர்களுக்கு "சிக்ஸ் சிக்மா", அதாவது தவறே அபூர்வம் என்கிற தரம், கொடுத்தது என்று. ஃபோர்ப்ஸில் 1998-ல் அவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது, அவ்வளவுதான். சான்றிதழ் எதுவும் தரவில்லை. நானே இரண்டு கல்லூரி மேடையில் இந்தச் சான்றிதழ் விஷயத்தைக் கேட்டு, மூன்றாவது மேடையில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அவர்களுடைய நிஜமான வேலையே போதும் எனும்போது இந்தச் சான்றிதழ் எதற்கு? பிள்ளைகள் மூடியிலிருக்கும் குறியீட்டைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டிய நேரத்தில் சிக்மா பற்றிக் குறிப்பெடுத்தார்கள்.

1 பிப்ரவரி, இரவு 10.00

மாதம் பிறந்த நாள், நூல் விலை பார்க்கும் நாள். ஏற்றமில்லை, நிம்மதி.

2022 மே மாதம் இதே போல ஒன்றாம் தேதி வாக்கில் கிலோவுக்கு 40 ரூபாய் ஒரேயடியாக ஏறியது. அந்த மாதம் ஊரே இரண்டு நாள் கடையடைப்பு செய்தது. ஆர்டர் பழைய விலையில் எடுத்தது, நூல் புது விலையில் வாங்க வேண்டும். இதைத்தான் இப்போதெல்லாம் வகுப்பில் கணக்காகக் கொடுக்கிறேன். பேச்சை 10 நிமிடத்தில் நிறுத்திவிட்டு ஆளுக்கு ஒரு தாள். அதைப் பற்றி நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

3 பிப்ரவரி, சனி, இரவு 11.55

நாளைக்கு என்றேன், இரண்டு நாள் ஆகிவிட்டது. ஷிப்மென்ட்.

தாளில் இருப்பது ஒரு வாரம். திங்கட்கிழமை காலை வங்கியில் இருப்பு 3,10,000. சனிக்கிழமை சம்பளம் 4,27,000. சாயப்பட்டறைக்குப் பழைய பாக்கி 2,60,000, அதைக் கொடுக்காமல் அடுத்த லாட் துணியைத் தர மாட்டார்கள். நிட்டிங் ஜாப் ஒர்க்காரர் 1,80,000 கேட்கிறார். வியாழக்கிழமை கரண்ட் பில் 62,000. உள்ளூர் வியாபாரி ஒருவர் 2,00,000-க்குச் செக் தருகிறேன் என்கிறார், தருவாரா தெரியாது. ஏற்றுமதி சரக்கு 11 லட்சத்துக்குப் போயிருக்கிறது, பணம் வர 45 நாள். வங்கியில் கடன் வரம்பு முழுக்க எடுத்தாயிற்று. சனிக்கிழமை சாயந்திரம் 6 மணிக்கு என்ன செய்வீர்கள்?

கேள்வி கேட்காத வகுப்பு இந்தத் தாளைக் கொடுத்ததும் சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும். பாதிப் பேர் எழுதுவது, "சம்பளத்தைச் செவ்வாய்க்கிழமை தரலாம்" என்று. தாளில் அது சுலபமாகத் தெரிகிறது. பிறகுதான் சொல்வேன். சனிக்கிழமை சம்பளம் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடையில் வேலை செய்பவர்களுக்குத் தலைகுனிவு. திங்கட்கிழமை பாதி மெஷினில் ஆள் இருக்காது, அடுத்த தெருவில் "டெய்லர் தேவை" போர்டு தொங்குகிறது. ஒன்றரை ஷிப்டு ஓடினால்தான் முடியும் என்ற ஆர்டர் அங்கே நிற்கும். ஆகவே சம்பளம் என்ற வரியைத் தொடாமல் மற்ற எல்லா வரியையும் யோசியுங்கள் என்று சொல்வேன். அப்போதுதான் நிஜமான பேச்சு ஆரம்பிக்கும். சாயப்பட்டறைக்குப் பாதி கொடுத்துப் பாதி லாட் எடுக்கலாமா, வியாபாரி வீட்டு வாசலில் போய் நிற்கலாமா, நிட்டிங்காரரிடம் யார் பேசுவது.

ஒரு தடவை ஒரு பையன், சிறு தொழில்களின் பில்களை வங்கிகள் ஏலம் கேட்டு முன்பணம் தரும் இணைய ஏற்பாடு பற்றிச் சொன்னான். எனக்கு அதுவரை தெரியாது. என்னுடைய உள்ளூர் வியாபாரிகள் அதில் சேர்ந்திருக்கவில்லை, ஆனால் அது தெரிந்துகொண்டதில் எனக்கு லாபம். கற்றுக்கொடுக்கப் போன இடத்தில் கற்றுக்கொண்டு வந்தேன்.

இப்படித் தாள் கொடுத்துப் பேசவைக்கும் வழி நான் கண்டுபிடித்தது இல்லை. ஒரு பேராசிரியர் சொன்ன பிறகுதான் இதற்குப் பெயர் உண்டு என்றே தெரிந்தது. ஹார்வர்டில் 1921-ல் ஒரு ஷூ கம்பெனியைப் பற்றி முதல் கேஸ், அதாவது ஒரு கம்பெனியின் நிஜப் பிரச்சினையை மாணவர்கள் அலசுவதற்கான குறிப்பு, எழுதி வகுப்பில் வைத்திருக்கிறார்கள். 1961-ல் அகமதாபாத் ஐஐஎம் ஆரம்பித்தபோது ஹார்வர்டின் துணையோடு அந்த முறை இங்கே வந்தது. நம்ம மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் 1993-ல் ஹார்வர்டில் ஒரு கேஸ் ஆகியிருக்கிறது, எழுதியவர் கஸ்தூரி ரங்கன். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்தது. பணம் கொடுக்கும் நோயாளியின் கட்டணத்தில் இலவச நோயாளிக்கும் சிகிச்சை. ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை, ஒரு மேசையில் அறுவை முடியும்போது பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயார். என் தையல் லைனில் ஒரு பண்டல் முடியும்போது அடுத்த பண்டல் கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் கத்துவது இதே கணக்குத்தான். அங்கே பார்வை திரும்பக் கிடைக்கிறது, அது எவ்வளவு பெரிய விஷயம்.

4 பிப்ரவரி, காலை 9.00

கரண்ட் பில்லை ஏன் தள்ளிவைக்கக் கூடாது என்று கேட்டவருக்கு: தள்ளலாம், அபராதத்தோடு. ஃபியூஸ் பிடுங்கினால் சனிக்கிழமை சம்பளம் இருக்கும், தைக்க மெஷின் ஓடாது.

7 பிப்ரவரி, இரவு 9.45

தமிழிலா ஆங்கிலத்திலா என்ற கேள்வி வந்திருக்கிறது. எதில் யோசிக்கிறீர்களோ அதில் பேசுங்கள். கேரளப் பிள்ளைகள், வடக்கத்திப் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் ஒரு மாணவரை நிறுத்தி முக்கியமானதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லலாம். குறைந்த விலை நாப்கின் மெஷின் செய்த கோவை முருகானந்தம் ஐஐஎம்களில் பேசியிருக்கிறார். அவருடைய ஆங்கிலம் இலக்கணப் புத்தகத்து ஆங்கிலம் கிடையாது, ஆனால் ஒரு வார்த்தை கூட யாருக்கும் தப்புவதில்லை. ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு நாப்கினைச் சோதித்துப் பார்த்ததை அவர் சொல்லும்போது, அவர் என்ன தேடினார், ஏன் வேறு வழி இல்லை என்று அப்படியே புரிகிறது. 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்ததை அவர் கதையில் எடுத்துவிட்டாலும் கதை குறையாது. பிளாடரை எடுத்துவிட்டால் கதையே இல்லை.

டிப்ளமோ படித்திருக்கிறேன் என்று தயங்கினீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

11 பிப்ரவரி, ஞாயிறு, மதியம் 3.15

எதைச் சொல்லக் கூடாது என்று நேற்று ஒருவர் கேட்டார். பையர் பெயர், அவர்கள் கொடுக்கும் விலை, இவை இரண்டும் கூடாது. வேலை செய்பவர்களின் சொந்தக் கஷ்டத்தைக் கதைக்கு உப்பாகப் போடக் கூடாது. ஒரு தடவை எங்கள் செக்கிங் பிரிவு அம்மா ஒருவர் தனியாளாக மகளைப் படிக்கவைத்ததை உருக்கமாகச் சொன்னேன். அந்த மகளின் வகுப்புத்தோழி அந்த அரங்கத்தில் இருந்திருக்கிறாள். மறுநாள் அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தார். போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நட்டக் கணக்கைச் சொல்லலாமா? என் நட்டத்தை நான் சொல்வேன். அது என்னுடையது.

18 பிப்ரவரி, ஞாயிறு, இரவு 8.30

பொங்கலுக்கு வந்த மகள் அடுத்த மாதம்தான் போகிறாள், வீட்டிலிருந்தே வேலை. அவளும் எம்பிஏ படித்தவள். இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டு ஒன்று கேட்டாள். "அப்பா, நீங்க உழைப்பு உழைப்புன்னு சொல்றீங்க. உங்க கம்பெனியில 70 பேர் இருக்காங்க. மேடையில ஏன் எப்பவும் நீங்க மட்டும் நிக்கறீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் டெய்லராக இருந்தவன் என்பதால், அவர்கள் உழைப்பையும் சேர்த்து நானே சொல்லிவிடலாம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. மெஷினை விட்டு எழுந்து 20 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எது கஷ்டம் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

மார்ச் 7-ம் தேதி ஒரு கல்லூரியில் எனக்குப் பேச்சு இருக்கிறது. கட்டிங் மாஸ்டரைக் கூட்டிப்போகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். 2003-லிருந்து கூட இருப்பவர்.

20 பிப்ரவரி, இரவு 9.10

மாஸ்டர் முதலில் மறுத்தார். "நான் என்னங்கண்ணா பேசறது, எனக்குக் கத்திரிதான் பேசும்" என்றார். பேச வேண்டாம், துணியை வெட்டிக் காட்டுங்கள் என்றேன். உடனே கண் விரிந்தது. "அப்போ டேபிள் எவ்வளவு நீளம்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

26 பிப்ரவரி, காலை 7.00

இடையில் வேறொரு விஷயம், கேள்வி கேட்டவருக்கு உதவும். இந்த வருடம் மாணவர்கள் 45 நாள் விதி பற்றிக் கேட்பார்கள், தயாராகப் போங்கள். சிறு தொழிலிடம் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் பணம் கொடுக்கும் வருடத்துக் கணக்கில்தான் அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியும் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். நமக்கு நல்லதுதான் என்று நினைத்தேன். ஆனால் என் வியாபாரிகளில் இரண்டு பேர், மார்ச் முடியும்வரை பில் போட வேண்டாம் என்கிறார்கள். நல்ல நோக்கத்தில் போட்ட விதி தெருவுக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதைப் பிள்ளைகளோடு பேசினால் அருமையாக இருக்கும்.

8 மார்ச், இரவு 10.40

நேற்று போய் வந்தோம்.

நான் பேசியது 12 நிமிடம். மச்சான், 22 பவுன், நூல் வியாபாரி, ரொட்டி சுட்ட மேஸ்திரி, பக்கத்துக் கம்பெனிக்காரர் (பெயர் சொல்லாமல், அவரிடம் கேட்டுக்கொண்டுதான்) எல்லாரும் இருந்தார்கள். அப்புறம் மாஸ்டரிடம் விட்டுவிட்டேன்.

இரண்டு மேசையைச் சேர்த்துப்போட்டுத் துணியை விரித்தார். டீ ஷர்ட்டின் முன், பின், கை, அட்டையில் வெட்டிய பேட்டர்ன்களைக் கொடுத்து, "துணி வீணாகாமல் அடுக்குங்க பாக்கலாம்" என்றார். நான் கரும்பலகையில் கணக்கு எழுதினேன். ஒரு பீஸுக்கு 180 கிராம், 30,000 பீஸுக்கு 5,400 கிலோ. இதில் நூற்றுக்கு ஒன்று மிச்சமானால் 54 கிலோ. கிலோ 550 ரூபாய் என்றால் 29,700 ரூபாய். ஒரு மேசையில், ஒருவர் கையில்.

பிள்ளைகள் சுற்றி நின்று அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்தார்கள். ஒரு பெண் கைத்துண்டைக் குறுக்கே படுக்கவைத்து நல்ல மிச்சம் காட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள். மாஸ்டர் அந்த இடத்துத் துணியை எடுத்து நீளவாக்கில் இழுத்துக் காட்டினார், அப்புறம் குறுக்கே இழுத்தார். குறுக்கே அதிகமாக இழுபட்டது. "பின்னல் துணிம்மா. நீ வெச்சபடி வெட்டினா கடையில நல்லாத்தான் இருக்கும். நாலு துவையல்ல உடம்பு ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போகும். சரக்கு திரும்பி வரும்" என்றார்.

"அப்போ எவ்வளவு மிச்சம் பண்ண முடியும் மாஸ்டர்?" என்று அவள் கேட்டாள். அவர் தன் அடுக்கை வைத்துக் காட்டினார். அவளுடையதை விட ஒரு விரற்கடை கூடுதலாகத் துணி எடுத்தது. "இதுக்கு மேல நெருக்கினா துணி கேக்காது" என்றார். அந்த ஒரு விரற்கடைக்கு என்ன விலை என்று வகுப்பு முழுக்கக் கணக்குப் போட ஆரம்பித்தது. மணி அடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

பொன்னாடையை அவருக்குப் போடச் சொன்னேன். வாங்கிக்கொண்டு, காரில் வரும்போது தடவிப் பார்த்துவிட்டு, "பாலியஸ்டருங்கண்ணா" என்றார்.

9 மார்ச், சனி, மதியம் 2.00

கேள்வி கேட்ட பம்ப்செட் நண்பருக்கு: உங்கள் தேதி இன்னும் வரவில்லை என்றால், அச்சு எடுத்து வார்க்கும் மோல்டிங் பிரிவில் பழைய ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று பாருங்கள். சேதமான ஒரு வார்ப்பையும் எடுத்துப் போங்கள், எங்கே காற்றுக்குமிழ் விழுந்தது என்று பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். போய் வந்து எழுதுங்கள். நான் சம்பளக் கவர் போட உட்கார வேண்டும்.